ஜெஸிக்கு எழுதிய மாத்திரை

உதியன்குளங்கரைப் பக்கத்தில் வேதமாணிக்கத்தின் மகள் ஜெஸியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவள் தூங்குவாள். ஆராதனையில் முதல் பாட்டு முடியும் முன்னே தூங்குவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் விடைத்தாள்மேல் தூங்கினாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே நாற்காலியில் தூங்கினாள். அவர்கள் எழுந்து போனதுகூட அவளுக்குத் தெரியாது. வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழுவாள் என்பதால் சிரிப்பதையும் நிறுத்திக்கொண்டாள். சோம்பேறி, எருமை என்று ஊர் ஒரு பெயர் விடாமல் வைத்தது. பெற்ற அப்பனே முகத்தில் தண்ணீரை ஊற்றினார் என்றால் மற்றவர்களை என்ன சொல்வது!

முப்பத்தொன்பதாம் வயதில்தான் திருவனந்தபுரத்தில் ஒரு பெண் டாக்டர், இது நோய் என்றார். மனிதரை விழிப்பில் பிடித்து நிறுத்துகிற பொருளைச் சுரக்கும் செல்கள் அவள் மூளையில் அழிந்துபோயிருந்தன. அதற்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். மூளையில் டோபமின் என்று ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசலை இந்த மாத்திரை அடைத்துவிடும். வெளியே தங்குகிற டோபமின் உங்களை உறங்க விடாது. நோயில்லாதவர் தின்றாலோ அதே டோபமின் ஆசையைக் கிளப்பிவிடலாம், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்க வைக்கலாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஆகிறவர்கள் உண்டு. யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார்.

அடடா, ஒரு பகல் இவ்வளவு நீளமா என்று ஜெஸி அசந்துபோனாள். பிரசங்கத்தை முதன்முறை முழுதாகக் கேட்டு, இவ்வளவுதானா என்று நினைத்தாள். ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கைப்பிடித்து இறக்கி, வந்து நிற்கும் அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். தூங்குமூஞ்சியை நம்பி ஊர் தன் பிள்ளைகளை விட்டது! அந்த இரண்டு வருஷம்தான் அவள் வாழ்ந்தது.

தம்பி சிபி டைல்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். வயது முப்பத்தெட்டு, இதைத் தாண்டினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"எக்கா, இது எனக்குக் கடைசித் தடவையாக்கும். புத்தகத்த எடுத்தா ஒறக்கம் வந்து தள்ளுது. ஒனக்க மாத்திரையில ஒண்ணு தருவியா?"

டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு எழுதிய மருந்தை நாலு பேர் பங்கிட்டுத் தின்கிற வீடு அது. அதோடு, பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவளிடம் என்ன இருந்தது?

"அதுக்கென்ன மக்கா, எடுத்துக்கோ."

மறுநாள், "கொள்ளாம் எக்கா! படிச்சதெல்லாம் தலையில அப்படியே நிக்குது," என்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பரீட்சை முடிந்தது. சிபி நிறுத்தவில்லை. மாத்திரை இல்லாத நாளில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தான், கடைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பிறகு கேட்காமலே எடுக்க ஆரம்பித்தான். அவள் அரிசிப் பானையில் ஒளித்தாலும் கண்டுபிடித்தான்.

"எலே, எனக்கு இல்லாம ஆயிரும்லே. நான் வேனுக்குப் போவாண்டாமா?"

"நீ முழிச்சிருந்து என்ன மலைய மறிக்கப் போற?"

கூடப்பிறந்தவன் சொல்கிற சொல்லா இது! அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அப்பாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

மாத்திரை தீர்ந்துபோன ஒரு சாயங்காலம் வேனில் தூங்கிவிட்டாள். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளை ஒன்று தவறான இடத்தில் தானாகவே இறங்கி, நெடுஞ்சாலை ஓரமாக அழுதுகொண்டே நடந்தது. பழக்கடைக்காரர் ஒருவர் ஓடிப்போய்த் தூக்கியதால் தப்பியது. ஜெஸியை நிறுத்திவிட்டார்கள். வியாதி கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போனபோது சிபியும் கூட வந்தான். ஜெஸி கடிதம் கேட்டாள், மாத்திரையும் கேட்டாள். டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாத மாத்திரை பதினைந்து நாளில் எப்படித் தீர்ந்தது? கூடுதலாகத் தின்கிறீர்களா? வீட்டில் வேறு யாராவது எடுக்கிறார்களா?

ஜெஸி தம்பியைப் பார்த்தாள். இப்போது சொல்லுவான், இதோ சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பாவி, தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நாந்தான் கூடத் தின்னேன் டாக்டர்," என்றாள்.

டாக்டரின் முகம் மாறியது. தூக்கமும் குறையவில்லை, மாத்திரையும் கூடுதல் கேட்கிறது. இதற்குத்தான் பயந்தேன் என்றார். இனி இதை எழுத முடியாது, அடுத்த மாதம் வந்து ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்துத் தூக்கச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். கடிதமும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சிபி அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தான். நெய்யாற்றின்கரை வரும்வரை அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போதாவது மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் அந்த நொடியே மன்னித்திருப்பாள்.

"எக்கா, நமக்கு வேற டாக்டரக் காணலாம். நாளைக்கே போவலாம், என்னா?"

யாருக்காக என்று அவளுக்குப் புரிந்தது. வேலை போயிற்று, கிடைத்த பகலெல்லாம் போயிற்று, இருந்த ஒரு தம்பியும் போய்விட்டான். அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.