சரசுவின் பெட்டிக்குள் வைத்த கடிதம்

போன வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் எங்கள் வீட்டில் ஓர் ஓலைப்பெட்டியைத் திறந்தோம். அதிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் போர்முனைக்குப் போகலாமா என்று சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கூடவே கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். எதிரியிடம் மாட்டினால் என்ன ஆகும், பதுங்குகுழியில் எப்படி இருப்பாள்... ஏதோ நாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவன் மாதிரி! கவலை நாட்டைப் பற்றியது இல்லை. என் மகள் வாணி ராணுவத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். இப்போது பெண்களையும் அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியிருக்கிறார்களே, அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு ஆத்தா துப்பாக்கி?"

"சண்டைப் பிரிவுக்கு இன்னும் எடுக்கலப்பா. சப்ளை, சட்டம்... இப்படித்தான் குடுக்குறாங்க."

"நாளைக்கு எடுத்தா?"

"எடுத்தா மொத ஆளா நிப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பெங்களூரில் நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்தது. தபால்காரர் என்னை வழியிலேயே பார்த்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அரசாங்க முத்திரை! தைரியம் வரவில்லை. வீட்டில் யாரும் கை வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சரசுவின் பெட்டி.

சரசு என் தங்கை. பதினைந்து வயதில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்கென்று பூஜை அறைப் பரணில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் பாவாடை, தாவணி, வளையல், ரிப்பன். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உடன்பிறந்தவன் அதை இறக்கித் திறந்து, புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். மற்ற நாளில் அதை யாரும் தொடுவதில்லை.

நான் தொட்டேன். துணிகளுக்கெல்லாம் அடியில், பெட்டியின் தரையோடு கடிதத்தை வைத்து, பழையபடி கயிற்றைக் கட்டினேன். படையலுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று எண்ணம். ஆனால் எம்.ரெட்டியபட்டியிலிருந்து அக்கா நாலு நாள் முன்னதாகவே வந்து, பூஜை அறை வாசலில் பாயை விரித்துவிட்டாள். சரி, அடியில்தானே இருக்கிறது, மேலே உள்ள துணியை மட்டும்தானே எடுப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வாணி தினமும் வாசலில் நிற்பாள். அவளோடு விண்ணப்பம் போட்ட விருதுநகர் தோழிக்குக் கடிதம் வந்துவிட்டதாம்.

"இன்னைக்கும் வரலையாப்பா?"

"வரலத்தா."

இருபது நாள் இதே பதில்.

வெள்ளிக்கிழமை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பெட்டியை இறக்கினேன். நான் போட்ட முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. அவிழ்த்து மூடியைத் தூக்கினேன்.

கடிதம் மேலே இருந்தது.

மடித்த பாவாடையின் நடுவில். யாரோ பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த மாதிரி.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிங்க முத்திரையைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "ஏலே தம்பி, இதென்ன கோர்ட்டுக் காயிதமா? நம்ம சரசு மேல என்னலே கேஸு?"

வாணி கையை நீட்டி எடுத்தாள். தன் பெயரைப் படித்தாள். தபால் முத்திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இருபது நாளாச்சுப்பா" என்றாள்.

அவள் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து உதறி விரித்தபோது தரையில் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. மணல். எங்கள் வீட்டைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கறுப்புக் கரிசல் மண்தான். இது வெளுத்த மணல். தொட்டால் ஈரம்.

அக்கா விரலால் எடுத்துப் பார்த்தாள். அவள் குரல் மாறிவிட்டது.

"குண்டாத்து மணலுலே இது."

சரசு எப்படிப் போனாள் என்று நான் சொல்லவில்லையே. அப்போது நாங்கள் திருச்சுழியில் இருந்தோம். மழை பொய்த்த வருஷம். குண்டாற்றில் ஆளுயரத்துக்கு மணலைத் தோண்டி, அந்த ஊற்றுக்குள் இறங்கிச் சிரட்டையால் தண்ணீர் சேந்த வேண்டும். பக்கத்து மணல் எந்த நேரமும் சரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் சரிந்தது. அவளை வெளியே எடுத்தபோது சிரட்டை கையிலேயே இருந்தது.

நான் அவளுக்கு மூன்று வயது மூத்தவன். திடகாத்திரமாகத்தான் இருந்தேன். ஆனால் ஆம்பிளைப் பையன் குடத்தோடு ஆற்றுக்குப் போவதாவது? அந்தக் குழி பெண்பிள்ளை இறங்கக்கூடிய இடமா என்று அன்றைக்கு யாரும் கட்டுரை எழுதவில்லை.

மணலுக்கு என்ன விளக்கம்? எலி புரட்டியிருக்கலாம். பழைய தாவணி மடிப்பில் கிடந்ததாக இருக்கலாம். முப்பது வருஷத்துக்குப் பிறகும் ஈரமாகவா? மனைவியையும் அக்காவையும் தனித்தனியாகக் கேட்டேன். பெட்டியைத் தொடவே இல்லை என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தீர்ப்புச் சொன்னது அக்காதான். "கன்னி முன்னால வந்த பொருள வீட்டுப் பொண்ணு எடுத்துக்கிடணும். வேண்டாம்னு சொல்லப்படாது. அவளே எடுத்துக் குடுக்குறா... தடுக்க நீ யாருலே?"

திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. சனிக்கிழமை காலையில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ். வாணியின் சூட்கேஸைத் தூக்கப் போனேன். விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ் கிளம்பும்போதுதான் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"சரசு அத்தைய மட்டும் பத்திரமாவா வச்சிருந்தீங்க?"

பஸ் நகர்ந்துவிட்டது.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவில் ஏழு வீட்டில் கன்னிப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெண்களைக் கொண்டுபோனது கிணறு, பாம்பு, அடுப்புத் தீ, என்னவென்று தெரியாத காய்ச்சல்... ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஏழு பெட்டியிலும் பாவாடைதான் மடித்து வைத்திருக்கிறது. பட்டாளத்து உடுப்பு ஒன்றுகூட இல்லை.