துரைசானியம்மாவின் நீல நோட்டு

அந்த நீல அட்டை நோட்டின் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான். ஐம்பதுகளின் கடைசி, திண்டிவனம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் துரைசானியம்மாவின் பங்களா வராந்தாவுக்குப் போய்விடுவேன். சபைப் பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கவும், அவர்கள் கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லவும் கப்பலேறி வந்து, பத்து வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தவர் அவர். தமிழ் பேசுவார். ஆனால் புருஷன் அடித்ததையும் மாமியார் சோறு போடாததையும் பெண்கள் அழுதுகொண்டே கொட்டும் வேகத்துக்கு அவருடைய தமிழ் ஓடாது. நான் இங்கிலீஷில் எடுத்துச் சொல்வேன். கேட்டுவிட்டு, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டு, நோட்டைத் திறப்பார். எழுதுவது இங்கிலீஷும் இல்லை, அவர் நாட்டு பாஷை. எனக்கு ஒன்றும் விளங்காது.

எனக்கு விளங்காமல் எழுதுகிறவரை நான் எப்படி நம்புவது? மாதம் தவறாமல் அவர் ஊருக்குக் கனமான கவர்கள் வேறு போகும். எங்கள் வீட்டுக் கண்ணீரையெல்லாம் அங்கே யார் யாரோ உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் பள்ளி போர்டிங்கில் சமையல் செய்கிறவள் வந்தாள். புருஷன் இல்லாதவள். இடுப்பில் மூன்று வயது மகள், மொட்டைத் தலையோடு. சிரங்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லி, வேப்பெண்ணெய்கூடத் தடவி வைத்திருந்தாள். எங்களிடம்தான் உண்மையைச் சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல் விடவே இல்லையாம். முருகனுக்கு வேண்டிக்கொண்டாளாம். பிழைத்ததும் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மயிலம் மலைக்கு நடந்துபோய் மொட்டை அடித்துவிட்டாளாம்.

“புள்ள கண்ணு சொருகிக்கினு கெடந்துச்சு டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் தோணல. சபைக் கமிட்டிக்குத் தெரிஞ்சா திருவிருந்த நிறுத்திடுவாங்க, சமையல் வேலையும் பூடும். அம்மாகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். துரைசானியம்மா குழந்தையை மடியில் வாங்கி அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். “இது நமக்குள் இருக்கட்டும்” என்றார். அவள் போனதும் நோட்டைத் திறந்தார்.

அதற்கடுத்த புதன்கிழமை மாதர் சங்க ஜெபக்கூட்டம் நடந்தது. மறுநாள் வழக்கம்போல வராந்தாவுக்குப் போனால், “இனிமேல் நீ வர வேண்டாம். என் தமிழை வைத்தே பார்த்துக்கொள்கிறேன்” என்றார். முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. எனக்குச் சுருக்கென்றது. எதையோ மறைக்கத்தான் என்னைக் கழற்றிவிடுகிறார் என்று தீர்மானித்தேன்.

பத்து நாளில் கமிட்டி சமையற்காரியைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து அவளுக்கு நின்றது. அடுத்த வாரம் சமையற்கட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோலியனூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவளாகச் சொல்ல மாட்டாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மிச்சம் யார்?

துரைசானியம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், வராந்தா மேஜையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்கு ஒரு பெண்ணின் பெயர். சமையற்காரியின் பக்கத்தில், புரியாத எழுத்துகளுக்கு நடுவே, கோணல் தமிழில் ‘மயிலம்’ என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் விட்டதும் பெண்களிடம் சொன்னேன்: “நம்ம சங்கதி அத்தனையும் எழுதி வெச்சிக்கினு இருக்காங்க. ஜாக்கிரதை.”

ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். வராந்தா பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவர் மட்டும் தினமும் அதே நேரத்துக்கு வந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த வருஷம் அவர் தன் நாட்டுக்குப் போனார், திரும்பவில்லை. ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனவர்கள் நாலைந்து பேர். நான் போகவில்லை.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குக் காகிதத் தோரணம் வெட்டிக்கொண்டிருந்தோம். போதகரின் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “நல்ல வேள, அன்னிக்கி நீங்க அப்படி ஜெபம் பண்ணீங்க டீச்சர். இல்லன்னா அந்த மொட்டைய நாங்க சிரங்குன்னே நம்பிக்கினு இருந்திருப்போம்.”

கத்தரிக்கோல் கையில் அப்படியே நின்றது. எங்கள் ஜெபக்கூட்டத்தில் வம்பு பேசக் கூடாது. ஆனால் அடுத்தவர் பாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் சத்தமாகச் சொல்லலாம். உருக்கமாக ஜெபிக்கிறவள் என்று எனக்குப் பெயர் வேறு. அந்தப் புதன்கிழமை, “ஆண்டவரே, பெற்ற பிள்ளைக்காகப் பயந்து அந்நிய மலைக்குப் போய்வந்த எங்கள் சகோதரியை மன்னியும்” என்று ஜெபித்தேன். அழுதேன்கூட. பெயர் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொல்வது ஊரிடம் சொல்வதாகுமா என்று எனக்குத் தோன்றவேயில்லை. காம்பவுண்டு முழுவதிலும் மொட்டையடித்த குழந்தை ஒன்றுதான் இருந்தது. துரைசானியம்மா அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாளே கோலியனூருக்குப் போனேன். அவள் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். களைக்கொட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“தெரியும் டீச்சர்.”

“தெரிஞ்சா அந்தம்மா பேர் கெட்டப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“அம்மா இங்க என்னப் பாக்க வந்தப்ப, நான் வந்து சொல்றேன்னுதான் சொன்னேன். அவங்கதான் வேணான்னுட்டாங்க. ‘நான் என்னிக்கி இருந்தாலும் ஊருக்குப் போறவ, டீச்சர் இங்கயே இருக்கணும்’னாங்க.”

“நான்தான்னு உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும்? அன்னிக்கி உங்க பின்னாலதான முட்டி போட்டுக்கினு இருந்தேன்” என்றாள். “எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நானும் சொன்னேன்.”