ஒரு கையில் தூக்கக்கூடிய மெஷின்

மலேசியாவில், ஈப்போ பழைய நகரத்துக் கடையொன்றின் கண்ணாடி மேசைமேல் அந்தத் தட்டச்சு மெஷின் இருந்தது. சாம்பல் நிறம். கைப்பெட்டிபோல மூடி, மேலே ஒரு பிடி. கடைக்காரச் சீனர் “ரிங்கான், ரிங்கான்லா” என்று மலாய் மொழியில் சொல்லிக்கொண்டே, அது எவ்வளவு லேசு என்று காட்ட இரண்டு விரல்களால் தூக்கி ஆட்டினார். என் அண்ணி சிரிக்கவில்லை. வலக்கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு இடக்கையால் தூக்கினார். இடப்பக்கத் தோள்தான் அவருக்குக் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கையால் தூக்கியும் முகம் கோணவில்லை என்பதை நான் பார்த்தேன். விலையைக் கேட்டார். சீனர் சொன்னதும் மெதுவாக மூடியைச் சாத்தி, “போலாம், வா,” என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். என் அண்ணன் மரக்கட்டை லாரி ஓட்டிக்கொண்டு பகாங் பக்கம் போய்விடுவார். அவர் வருகிற நாள் தெரியாது. நான் ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே துணி வெட்டும் வேலையில் இருந்தேன். அண்ணி கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, பாதிரியார் ஒருவரின் தயவால் ஈப்போவில் படித்து, ஒரு வழக்கறிஞரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். அந்த வழக்கறிஞர் முதுமையால் அலுவலகத்தை மூடியபோது, இரும்புக் குண்டுபோன்ற ஓர் ஆபிஸ் மெஷினை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் அண்ணி சொந்தமாகத் தொழில் தொடங்கினார். குடியுரிமைக்கு மனு எழுத வேண்டியவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். பிறந்தது இங்கேதான் என்றாலும், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தவர்கள். அவர்களால் வேலையை விட்டு டவுனுக்கு வர முடியாது. ஆகவே மெஷின்தான் அவர்களிடம் போக வேண்டும். அண்ணி அதைச் சாரத்துணியில் மூட்டையாகக் கட்டி, பஸ் ஏறி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து செம்மண் பாதையில் நடந்து, தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குக் கொண்டுபோனார். மழையில் அந்த மண் செருப்பைப் பிடித்திழுக்கும். வழியில் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டால் உண்டு.

கடைக்குப் போய் வந்த பிறகு பல வாரங்கள் எங்கள் வீட்டில் அதே பேச்சு. அந்த விலை கொடுத்தால் கூரையை மாற்றலாம். “லேசா இருக்குறதுக்கா இம்புட்டு காசு?” என்பார் அண்ணி, மீன் கழுவிக்கொண்டே. “பழசும் அதே எழுத்தத்தானே அடிக்குது?”

“எழுத்து அதேதான் அண்ணி. தோள்பட்ட அதே இல்லையே,” என்றேன் நான்.

மறுநாள் தலைவாரும்போது அண்ணியின் இடக்கை காதுக்குமேல் போகவில்லை. சீப்பை என்னிடம் நீட்டினார். அவர் தலையை நான் வாரிவிட்டேன். கொண்டை போட்டு முடித்தபோது, “தவணையில தருவானான்னு கேட்டுப் பார்ப்போமா?” என்றார்.

சீனர் தவணைக்குச் சம்மதித்தார். அதன் பிறகு சில மாதங்கள் அண்ணி வேறு ஆளாக இருந்தார். லேசான மெஷினைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு தோட்டங்களுக்குப் போய்வந்தார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகும் பேசுவதற்குத் தெம்பு மிச்சம் இருந்தது. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

பொய் இல்லைதான், அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. மனுவோடு சேர்க்கிற வாக்குமூலத்தை நான்கு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். நான்கு தாளையும் இடையில் கரித்தாள்களையும் அடுக்கி ஒரே அடியில் அடிப்பதுதான் வழக்கம். பழைய மெஷினின் எழுத்து சுத்தியல்போல இறங்கும். கடைசித் தாளிலும் கறுப்பாக விழும். லேசான மெஷினுக்கு அந்த பலம் இல்லை. முதல் தாள் அச்சுப்போல அழகாக இருக்கும், மூன்றாவது மங்கும், நான்காவதைச் சன்னலோரம் பிடித்துத்தான் படிக்க வேண்டும். அண்ணி விரல் வலிக்க ஓங்கி அடித்துப் பார்த்தார். ஓங்கி அடித்ததில் ‘o’ எழுத்துத் தாளில் ஓட்டை போட்டது. ஒருநாள் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு மனு திரும்பி வந்தது. ஓரத்தில் “தாக் ஜெலாஸ்”, தெளிவாக இல்லை, என்று எழுதியிருந்தது.

அது பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் ஒரு பெரியம்மாவின் மனு. புருஷன் இறந்துபோனவர். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு அட்டைக்காரர்களைப் புது முதலாளி வைத்துக்கொள்வாரா என்பது யாருக்கும் தெரியாது. அந்த மனுவுக்காகப் பெரியம்மா மாதக்கணக்கில் காத்திருந்தார். அண்ணி அன்று சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய மெஷினை இழுத்துத் தூசு தட்டினார். தனியாகப் போகவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் மூட்டைக்கு ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு போனோம். வாரம் முழுக்க நின்ற கால் எனக்கு. தூக்க முடியாத தோள் அவருக்கு. பாதையில் அடிக்கடி மூட்டையை இறக்கி வைத்தோம். இறக்கும்போதெல்லாம் அண்ணி எதிர்ப்பக்கத்து ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றார்; என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னார். “மெஷின் சரியில்ல பெரியம்மா. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடியும் அடிச்சுத் தாரேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோடரியைச் சாத்திவைத்துவிட்டு, “நான் பொறந்ததே இந்தத் தோட்டந்தான். பொறந்ததுக்குத்தான் கடுதாசி இல்ல,” என்றார். பல தடவை பலரிடம் சொல்லிக் களைத்த குரல் அது. அண்ணி அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசித் தாளை உருவியபோது அண்ணியால் கையை நிமிர்த்த முடியவில்லை. பெரியம்மா உள்ளே போய் எண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து தோளில் தேய்த்தார்.

“இத எதுக்குத் தூக்கிட்டு அலையிறீங்க? இங்கயே கெடக்கட்டும்லா. என் வீட்டுல என்னா இருக்கு, எடந்தானே இருக்கு?”

அண்ணி என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் இத்தனை மாதம் விலையையும் எடையையும் வைத்து மண்டையை உடைத்துக்கொண்டோம். மெஷினை விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றவே இல்லை. அன்று வெறுங்கையோடு திரும்பினோம். அதன் பிறகு கனமான மெஷின் பெரியம்மா வீட்டிலேயே இருந்தது. நான்கு பிரதி வேண்டியவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட, அங்கே வந்தார்கள். லேசானது மற்ற இடங்களுக்கு ஒற்றைக் கடிதங்கள் அடிக்க அண்ணியோடு போனது. தவணை கட்டி முடியும்வரை கூரை ஒழுகத்தான் செய்தது.

இப்போது என் மகள் வேலைக்குக் கொண்டுபோக மடிக்கணினி ஒன்று வாங்கப் பார்க்கிறாள். ஒரு புத்தகத்தின் கனம்கூட இல்லை, விலை மட்டும் இரண்டு மடங்கு. தகுமா என்று கேட்கிறாள். தினமும் அதைத் தூக்கப்போவது அவள். எனக்கு என்ன தெரியும்? தூக்குகிற தோளைக் கேள் என்பேன். என்னென்ன வேலை அது செய்யாது என்றும் கடைக்காரரிடம் கேள் என்பேன். பெரியம்மாவிடம் சொன்ன அந்த ஒரு தடவை தவிர, அண்ணி கடைசிவரை அந்த லேசான மெஷினைக் குறை சொன்னதும் இல்லை, புகழ்ந்ததும் இல்லை. தோள் மட்டும் முழுதாகக் குணமாகவே இல்லை.

மறுபடி அடித்து அனுப்பிய பெரியம்மாவின் மனுவுக்குப் பதில் வராமலேயே வருஷங்கள் ஓடின. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். பெரியம்மா மகனோடு புந்தோங்குக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே யாரும் அவருடைய அட்டையின் நிறத்தைக் கேட்கவில்லை.

ஒருநாள் பிற்பகல் ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, முன்னறையின் பிரம்பு நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி மேசையருகே, பாதி அடித்த கடிதத்தின்முன் கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

“காட்டணும்னு வந்தாங்க,” என்றார் தணிந்த குரலில். “கையில கொடுத்தாங்க. அப்படியே தூங்கிட்டாங்க.”

மேசைமேல், குடிமக்களுக்குத் தரும் நீல நிற அடையாள அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். படத்திலும் பெரியம்மா களைத்துத்தான் இருந்தார். கடிதத்தை முடிக்கவில்லையா என்று அண்ணியிடம் சைகையால் கேட்டேன்.

“சத்தம் கேட்டு முழிச்சிக்குவாங்க. அப்புறம் அடிக்கலாம்,” என்றார். பிறகு அவரும் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, அவர்கள் எழுந்திருக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.