கட்டுவிரியனைப் படம் பிடித்த நாள்

கோயமுத்தூரில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. கல்யாண ஜோடிகள், மில் மேஸ்திரிகள், சில சமயம் சாவு வீடு. எல்லா முகங்களும் ஒரே மாதிரி விறைப்பாக இருக்கும். அதனால்தானோ என்னவோ, காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்து, "ஏனுங்க, பாம்பைப் படம் புடிப்பீங்களா?" என்று கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். பட்டணத்தில் கல்லூரியில் படித்தவர். தகப்பனார் போனபின் ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். அவர் தோட்டத்தில் களை எடுத்த பெண் ஒருத்தியைப் பாம்பு தீண்டியபோது இவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "என்ன பாம்பு?" என்று டாக்டர் கேட்டார். "கருப்பா இருந்துதுங்க" என்பதற்கு மேல் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் இறந்துபோனாள். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. விஷப்பாம்புகளைப் பிடித்து வளர்க்க ஆரம்பித்தார். அவற்றின் படங்களைப் பெரிய தாளில் அச்சடித்து ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தொங்கவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ரயிலில் காரமடை போய் இறங்கினேன். அவருடைய வண்டி வந்திருந்தது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. முன்பக்கம் கண்ணாடி, மேலே கம்பிவலை மூடி. எலியும் ஈரமண்ணும் கலந்த வாடை அடித்தது. முற்றத்துக் கல்லைச் சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கி வைத்திருந்தார்கள். நான் காமிராவை முக்காலியில் ஏற்றினேன்.

முதலில் நல்லபாம்பு. நுனியில் இரும்புக் கொக்கி வைத்த கம்பால் அதைத் தூக்கிக் கல்லின் மேல் விட்டார். அது படமெடுத்து நின்றது. அவர் எதிரே குந்தி, முழங்காலை மெல்ல அசைத்து அதன் பார்வையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் காமிராக் கண்ணாடியில் பாம்பு தலைகீழாகத் தெரியும். அப்படிப் பார்க்கும்வரை பயமில்லை. துணியை விலக்கி நேரே பார்த்தால்தான் அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். முற்றத்தில் கால் வைக்கவில்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நல்லதைப் போட்டு இம்சை பண்றீங்களே" என்றார்.

"இம்சை இல்ல அம்மணி, இதோ முடிஞ்சுது" என்று அவர் சிரித்தார்.

அடுத்து கண்ணாடிவிரியன். கொல்லன் துருத்தி போல ஓயாமல் சீறியது. அதையும் படம் பிடித்து முடித்தோம். கடைசியில்தான் கட்டுவிரியன் வந்தது. கருநீல உடம்பில் வெள்ளைக் கட்டுகள். வெயில் பட்டதும் சுருண்டு, தலையைச் சுருளுக்கடியில் ஒளித்துக்கொண்டது. தலை தெரியாமல் படம் எதற்கு? கொக்கியால் நீவிப் பார்த்தார். பிறகு விரலாலேயே சுருளைப் பிரித்தார். "பகல்ல இது பூனைக்குட்டிங்க. ராத்திரிதான் எமன்" என்றார். தலை வெளியே வந்தது. படம் நன்றாகவே விழுந்தது.

அதைப் பெட்டிக்குள் விடும்போதுதான் நடந்தது. சுருளிலிருந்து தலை நழுவி அவருடைய இடது சுண்டுவிரலைத் தொட்டது. அவர் கையை உதறினார். பிறகு மூடியைச் சாத்தி, கொண்டி போட்டுவிட்டுத்தான் விரலைப் பார்த்தார்.

"கடிச்சுதுங்களா?" என்றேன்.

"கடிச்சுதுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குது. வலியே இல்ல. அதுதான் இதோட கெட்ட குணம்."

அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. பண்ணையத்து ஆள் ஓடிவந்து, "பண்ணாடி, பண்ணாடி" என்று அழுதபடி கையில் கயிற்றைக் கட்டினான். மனைவி இப்போது முற்றத்தில் இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோவைக்கு அந்த நேரத்தில் ரயில் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அவரும் மனைவியும் நானும் ஏறினோம். விஷயம் கேட்டதும் டிரைவர் வழியில் யாருக்காகவும் நிறுத்தாமல் ஓட்டினார். இறங்க வேண்டியவர்களும் வாய் திறக்கவில்லை.

பாதி வழியில் அவர் இமைகள் தாழ்ந்தன. "தூக்கமில்லீங்க, வெசம்" என்றார். "நாக்கு தடிக்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன், கேட்டுக்குங்க. கட்டுவிரியன். சந்தேகமே வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும், "ஆஸ்பத்திரியில இருக்கற மருந்து நல்லபாம்புக்கும் கண்ணாடிவிரியனுக்குந்தான். இதுக்கு இல்லீங்க. அவகிட்டச் சொல்லாதீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாள் தெரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன பாம்பு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு இருந்த மருந்தையே ஊசியில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் மூச்சு தடுமாறத் தொடங்கியது. அவருடைய இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, மறுபடி மார்பின் மேல் அழுத்தி மூச்சு விட வைக்கச் சொன்னார்கள். கம்பவுண்டரும் நானும் மாறி மாறிச் செய்தோம். அந்தக் கைகளின் கனம் இன்றும் என் தோளில் இருக்கிறது.

"கண்ணுதான் தெறக்க முடியாது. காது கேக்கும்" என்றார் டாக்டர்.

அதைக் கேட்டதும் மனைவி அவர் காதருகே குனிந்தார். அழுவார் என்று நினைத்தேன். "தென்னைக்குத் தண்ணி உடச் சொல்லியாச்சுங்க. செவலைக் கன்னுக்குட்டியைக் கட்டியாச்சு. மாரியாத்தா கோயலுக்கு நேந்திருக்கறேன். நீங்க தைரியமா இருங்க" என்று வீட்டுச் சேதியாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் கசிந்தது. விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்பு டாக்டர் எங்கள் கைகளை நிறுத்தினார்.

மறுநாள் காலை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் துணியால் கட்டி, சுற்றத்தாரோடு படம் எடுக்க என்னையே கூப்பிட்டார்கள். நான் எத்தனையோ சாவு வீடுகளில் அதைச் செய்தவன்தான். அன்று கறுப்புத் துணிக்குள் வெகுநேரம் தலையை விட்டபடி நின்றேன். வெளியே வர முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் பிரிண்டுகளைக் கொடுக்கப் போனேன். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. பங்காளிகள் அறையோடு சேர்த்துக் கொளுத்திவிடச் சொன்னார்களாம். "உசுரோட எதையும் கொளுத்த வேண்டாம்" என்று அந்த அம்மாள் தடுத்துவிட்டார். வலை வழியாகத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றி மலையடிவாரப் புதருக்குக் கொண்டுபோனோம். பண்ணையத்து ஆள் நீள மூங்கிலால் மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். நல்லபாம்பு போயிற்று, அந்த அம்மாள் கைகூப்பினார். கண்ணாடிவிரியனும் போயிற்று. கட்டுவிரியன் மட்டும் வெளியே வரவில்லை. வெயிலில் சுருண்டு, தலையை ஒளித்துக்கொண்டு கிடந்தது.

ஆள் மூங்கிலை ஓங்கியபடி அந்த அம்மாளைப் பார்த்தான். "என்ன பண்ணட்டுங்க ஆத்தா?"

பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சுப்போடு" என்றார். சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, மாட்டின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.