பதினேழாம் எண் கொள்ளு

பவுடர் டப்பாவில் ஒரு கைப்பிடி கொள்ளு. அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்த அக்கா என்னிடம் கொடுத்தது அவ்வளவுதான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை அவருக்கு. மானாவாரி நிலத்தில் அந்தக் கொள்ளை விடாமல் விதைத்துவந்த கணவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. வேறு யாரிடமும் அந்த விதை இல்லை. வேலூர்ப் பக்கத்துக் கொள்ளு ரகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று டிஎன்ஏ ரேகை எடுத்துப் பார்க்கும் வேலை எனக்கு. என் பட்டியலில் அக்காவின் கொள்ளு பதினேழாம் எண். “பாதிய திருப்பிக் குடுத்துடுங்க மேடம், இந்தப் பட்டத்துல வெதைக்கணும்” என்றார். தலையாட்டினேன்.

எந்த விதை வந்தாலும் பாதியைக் குளிர்பெட்டியில் எடுத்துவைக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். நானும் வைத்தேன். மீதியை முளைக்கவிட்டு, நாற்றை முழுசாக அரைத்து டிஎன்ஏ எடுத்தால் பழுப்பாக வந்தது, ரேகை தெளியவில்லை. கொள்ளு இலைக்கு அந்தக் குணம் ஜாஸ்தி. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் பழுப்பு. பார்வைக்கு எல்லாக் கொள்ளையும் போலத்தானே இருக்கிறது, கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். என்ன திமிர் எனக்கு! குளிர்பெட்டியில் இருந்ததையும் எடுத்து முளைக்கப்போட்டேன்.

இந்த முறை ரேகை பளிச்சென்று விழுந்தது. வேறு எந்தக் கொள்ளோடும் ஒட்டாமல் பதினேழாம் எண் தனியாக நின்றது. கால் தரையில் பாவவில்லை எனக்கு. உடனே போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரர் வைத்திருந்தது தனி ரகம் அக்கா என்றேன். அந்தப் பக்கம் அழுதார். ஞாயிற்றுக்கிழமை வந்து விதையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அரைக்காத நாற்று ஒன்றுகூட மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நிலத்தை உழுதுபோட்டுவிட்டு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரேகைப் படத்தைக் காட்டச் சொல்லி, பதினேழாம் கோட்டை விரலால் தடவினார். உறைபெட்டியில் குழாயில் டிஎன்ஏ என்று வைத்திருக்கிற சொட்டுத் தண்ணீரிலிருந்து செடி வருமா என்று கேட்டார். வராது என்றேன். அவர் அழவில்லை, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அப்ப எதுக்கு மேடம் தனி ரகம்னு எனக்குச் சொன்னீங்க? எல்லாக் கொள்ளு மாதிரிதான்னு சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு இருந்திருப்பேனே.”