வாட்சுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கல்யாணத்தில் போட்ட கைக்கடிகாரம் போன வாரம் நின்றுவிட்டது. நின்றால் என்ன, ஊரில் எத்தனையோ வாட்சுகள் நிற்கவில்லையா என்பீர்கள். உங்களுக்கென்ன... உங்கள் மாமனார் தீபாவளிக்குத் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு வருகிறாரா?

என் மாமனார் வருகிறார். வாட்ச் அவர் வாங்கிக் கொடுத்தது. அசல் ஸ்விட்சர்லாந்து, தங்க மூடி. யுத்தம் முடிந்து கப்பல்கள் வர ஆரம்பித்ததும் மவுண்ட் ரோடு கடை ஒன்றில் சொல்லிவைத்து, மாப்பிள்ளைக்கென்றே வரவழைத்தார். ஊரிலிருந்து யார் பட்டணம் வந்தாலும் வாட்சின் சௌக்கியத்தை விசாரிக்கச் சொல்லி அனுப்புவார். பெண்ணின் சௌக்கியம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் நான் அசரவில்லை. ஒரு வருஷ கேரண்டி இருக்கிறதே! மயிலாப்பூரில் டிராம் ஏறினேன்.

கேரண்டி என்பது சம்பந்தி வீட்டு உபசாரம் மாதிரி. எல்லாம் உண்டு என்பார்கள் — கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கடை மானேஜர் சாந்தோம்காரர். மிஸ்டர் சூசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாக உட்காரவைத்து, வாட்சை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தார். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி வாட்சைப் பார்த்தார்.

“சார், உள்ள சந்தனம் கீது.”

மானேஜரின் முகம் மாறிவிட்டது. கீழே விழுந்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ, வேறு பொருள் எதுவும் உள்ளே போனாலோ கேரண்டி செல்லாது என்பதை மிக அழகான இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

என் மனைவி பார்வதியைக் கேட்டேன். ஆயுத பூஜையன்று பேனாவோடு வாட்சையும் வைத்துக் கும்பிட்டாளாம். கண்ணாடியில் பொட்டு வைத்தால் மணி தெரியாது, பின்பக்கம் வைத்தால் என் கையில் ஒட்டும் என்று யோசித்து, சாவி கொடுக்கும் திருகில் வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாதல்லவா? ராத்திரி பூராவும் காய்ந்த சந்தனத்தோடு மறுநாள் நான் சாவி கொடுத்தேன். ஆக, உள்ளே தள்ளியது சாட்சாத் நானேதான்.

கோபம் வந்தது, மறைப்பானேன்? பேனாவுக்கு வைத்தாய் சரி, வாட்ச் என்ன அரிவாளா, சுத்தியலா என்று கத்தினேன். அவள் கண் கலங்கிவிட்டது.

“நான்தான் வச்சேன்னு அப்பாட்ட மட்டும் சொல்லிராதிய” என்றாள்.

சின்ன வயசிலிருந்தே ‘உன் கைக்கு ஒரு பொருள் தங்காது’ என்பது மாமனார் அவளுக்குப் பாடும் பாட்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே பாடுவார்கள். இப்போது அவர் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த வாட்சே போனால்? என் கோபம் போன இடம் தெரியவில்லை. ரொம்பப் பாவமாக இருந்தது.

மறுநாள் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று கடைக்குப் புறப்பட்டேன்; நானும் வருவேன் என்று அவளும் கிளம்பிவிட்டாள். மிஸ்டர் சூசை பழைய இங்கிலீஷை மறுபடி ஆரம்பித்தார். எந்தக் கடையிலும் வாயே திறக்காத என் மனைவி, அவருக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினாள். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன — கடைச் சிப்பந்திகளின் கைங்கரியம்.

“உங்க பெட்டிக்கு வச்சா அது பூசை, எங்க வாட்சுக்கு வச்சா குப்பையா?”

ரிப்பேர்க்காரர் அவசரமாக மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். மானேஜர் பெட்டியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கும் பொட்டு! மெல்லச் சிரித்துவிட்டார். தாமும் முதன்முதலில் வாட்ச் வாங்கியபோது மாதா கோயிலுக்குக் கொண்டுபோய், சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்கியதாகவும், அது துருப்பிடித்துப்போனதாகவும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சந்தனத்தைக் கம்பெனி வெள்ளைக்காரனுக்கு எப்படிம்மா புரியவைக்கிறது? எண்ணெய் உறைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிறேன். ஆனா இன்னொரு தடவை உள்ள ஏதாச்சும் போச்சுன்னா என்னால ஆகாது.”

மாமனார் வருவதற்கு முதல் நாள் வாட்ச் கைக்கு வந்தது. அப்பாடா!

எழும்பூர் ரயிலடியில் இறங்கியதும் இறங்காததுமாக மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைக் காதில் வைத்துக்கொண்டார். பார்வதி என் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள். டிக்... டிக்...

“பரவாயில்லையே, பாப்பா கையில ஒரு பொருள் தங்கியிருக்கே” என்றார்.

“அவள்தான் மாமா பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள்” என்றேன். பார்வதியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாட்ச் நின்றதற்கும், நான் இரண்டு முறை கடைக்கு அலைந்ததற்கும் அது ஒன்றே போதும்.

மாமனாருக்குப் பரம சந்தோஷம். மடியிலிருந்து பன்னீர் இலையை எடுத்துப் பிரித்தார். திருச்செந்தூர் விபூதி!

“புது வாட்ச், கண்ணு பட்டிரும்” என்று ஒரு கை நிறைய அள்ளி, வாட்சை நோக்கிக் கொண்டுவந்தார்.

பார்வதி “ஐயோ” என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இடுப்பை வளைத்து, விபூதிக்கும் வாட்சுக்கும் நடுவே தலையை நீட்டிவிட்டேன். நெற்றி, மூக்கு, இரண்டு கண்கள் — எல்லாவற்றிலும் அபிஷேகம்.

பிளாட்பாரத்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் மாப்பிள்ளையின் பக்தியைச் சொல்லி மாய்ந்துபோனார். இதை எழுதும்போதும் கண் எரிகிறது. எரியட்டும் — கண்ணுக்கு எந்தக் கம்பெனி கேரண்டி கொடுத்திருக்கிறது?