கால் நழுவாத பெடல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வலது கால் சைக்கிள் பெடலில் ஒட்டிக்கொண்டது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒட்டிக்கொண்டது. சைக்கிள் சாய்ந்தது. கூடவே நானும் சாய்ந்தேன். காலை இழுக்கிறேன், இழுக்கிறேன்... வரவில்லை. லாலாங் புல்லுக்குள் மல்லாந்து கிடக்கிறேன், மேலே சைக்கிள்.

லாரிக்கார குமார் அண்ணன் ஓடி வந்தார். தூக்கிவிடுவார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"தங்கச்சி, நீ சைக்கிள ஓட்டுறியா, சைக்கிள் உன்ன ஓட்டுதா?"

"அண்ணே, சிரிச்சது போதும்லா. கால எடுத்து விடுங்க!"

சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து என் காலை மட்டும் உருவி எடுத்தார். சப்பாத்து பெடலிலேயே நின்றது, யாரோ கழற்றி வைத்துவிட்டு சாமி கும்பிடப் போன மாதிரி.

ஏன் ஒட்டியது? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் முரளியைத் தெரியும். நான் வேலை செய்யும் பிஸ்கட் ஃபேக்டரியைப் பற்றி எழுதினாலும், புந்தோங் பஸ்ஸைப் பற்றி எழுதினாலும், நடுவில் எங்காவது வந்து ஒரு கிண்டல் அடித்துவிட்டுப் போவான். இனிமேல் வரமாட்டான். மழை பெய்த ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனான்... அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் இன்னும் பத்து வகுப்பு படித்திருந்தாலும் அந்த வரி வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவன் விட்டுப்போனது ஒரு மலை சைக்கிள். தடித்த டயர், நேரான ஹேண்டில். யாரோ ஓட்டிப் பழசானதை வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைத் தன் கூட்டாளி குமார் அண்ணனின் காய்கறி லாரியில் ஏற்றிக்கொண்டு தாப்பா பக்கம் கிளம்பிவிடுவான். அங்கேதான் நாங்கள் பிறந்த தோட்டம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், எல்லோரும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். பழைய ரப்பர் மரங்கள் மட்டும் மலையில் இன்னும் நிற்கின்றன.

அந்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரம் நடுவதற்காகப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருப்பார்கள். உச்சியிலிருந்து, கீழே ரப்பர் பாலை நிறுத்துக் கொடுக்கும் பால் கொட்டகை வரை, படிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு செம்மண் வழி இறங்கும். காலைத் தரையில் ஊன்றாமல் அந்த வழியில் இறங்க வேண்டும்... அண்ணனுக்கு அதுதான் வெறி. ஒரு தடவைகூட முடியவில்லை. மூன்றாவது படியில் சைக்கிள் குதிக்கும், கால் பெடலைவிட்டு நழுவும். எப்போதும் அதே இடம்!

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா அவன் சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். சைக்கிளை மட்டும் யாரும் வாங்கவில்லை. செத்தவன் சைக்கிள், அதுவும் ரெண்டு சக்கரத்தில் செத்தவன் சைக்கிள். அதனால் பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டார், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போகச்சொல்லி.

"அம்மா, அத குடுக்காதீங்க."

"வச்சு என்னா பண்ண? தெனம் அது மூஞ்சியிலதான் முழிக்கணுமா நான்?"

"நான் ஓட்டுறேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கண்ணனே ஒருநா கூட கால் ஊணாம எறங்குனதில்ல. நீ எறங்கிருவியா? எறங்கிட்டு வா. அது இங்கயே கெடக்கட்டும்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதானே? இரும்புக்காரர் வருவதற்குள் நான் இறங்கிவிட வேண்டும்.

முதல் ஞாயிறு குமார் அண்ணன் லாரியிலேயே போய் இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது படி. நழுவியது. குடும்பப் பழக்கம் போல.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இறக்கத்தில் சீட்டில் உட்கார முடியாது. எழுந்து நின்றுதான் இறங்க வேண்டும். முழு உடம்பும் அந்த இரண்டு பெடல் மேல்தான் நிற்கிறது. பிரேக், டயர் எல்லாம் அப்புறம். அண்ணன் சைக்கிளில் இருந்ததோ சாதாரண ரப்பர்க் கட்டை பெடல். ஈரச் செம்மண் பட்டால் சவுக்காரம் தடவின மாதிரி.

சரி, வழுக்குகிறது. என்ன செய்யலாம்?

வேறு ஊர்க்காரராக இருந்தால் கடைக்குப் போயிருப்பார். நான் தோட்டத்தில் பிறந்தவள்! கூரை ஒழுகினால் ரப்பர் பால், வாளி ஓட்டையானால் ரப்பர் பால் என்று வளர்ந்த கூட்டம் நாங்கள். பக்கத்தில் இன்னும் மரம் சீவிப் பால் எடுக்கிற ஒருவரிடம் ஒரு டின் பால் வாங்கினேன். பெடலில் தடவினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்திசாலி ஆயிற்றே... சப்பாத்தின் அடியிலும் தடவிக் காயவைத்தேன்.

காய்ந்த பால் மேல் காய்ந்த பாலை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? ரப்பர்த் தோட்டத்துக் குழந்தையைக் கேட்டால் சொல்லும். எனக்கு மட்டும் அன்று மறந்துபோனது. மீதிக் கதைதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே... லாலாங், குமார் அண்ணன் சிரிப்பு, சாமி கும்பிடப் போன சப்பாத்து.

மறுநாள் வேலை விட்டு நேராக ஈப்போ டவுனில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். சீனர் கடை. முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் வெற்றிலைப் பாக்குக் கடைத் தமிழில் கேட்டார்:

"தங்காச்சி, யாருக்கு பெடல்? தம்பிக்கா?"

"எனக்கு."

"மார்க்கெட் போறதா?"

"மலையில எறங்க."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஐயோ... கீலாலா நீ! பைத்தியம்!" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஜோடி எடுத்துப்போட்டார். காலை வாரால் கட்டிக்கொள்கிற பெடல். ரேஸ் ஓட்டுகிறவர்கள் வைத்திருப்பது. "இது பாகுஸ், ரொம்ப நல்லது. கால் எங்கியும் போகாது."

"வேணாம் தவுக்கே. கால் போகாம நான் பட்ட பாடு போதும்."

அடுத்து பிளாஸ்டிக். மேலே சின்னச் சின்னக் குமிழ். கையால் தடவினால் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கேட்டு வாங்கி மேலே ஊற்றினேன். தவுக்கே முகம் மாறியது. தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது. அப்புறம் பையன்கள் பி.எம்.எக்ஸ் சைக்கிளில் போடுகிற இரும்பு பெடல் ஒன்று. அகலமாக, சுற்றிலும் ரம்பம் போலப் பல். இதுதான்! ஆனால் திருகி மாட்டுகிற அதன் கழுத்து சின்னது. அண்ணன் சைக்கிளில் இருக்கிற ஓட்டை பெரியது. உள்ளே போகும், ஆனால் ஆடும்.

"வேற இல்ல. ஹபீஸ், தீந்துபோச்சு," என்றார்.

நான் நகரவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பிஸ்கட் ஃபேக்டரியில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு உட்காரக் கிடைத்தால் லாபம்தானே? கடைசியில் தவுக்கே பெருமூச்சு விட்டுக்கொண்டு பரண்மேல் ஏறினார். தூசியோடு ஒரு ஜோடி வந்தது. அகலமான இரும்பு, நான்கு பக்கமும் பல், தடித்த கழுத்து.

தரையில் வைத்துச் சிலிப்பரோடு ஏறி நின்றேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன், திரும்பவில்லை. காலைத் தூக்கினேன்... உடனே வந்தது. இரண்டும் வேண்டும். மிதித்தால் பிடிக்க வேண்டும், தூக்கினால் விட வேண்டும்.

வீட்டில் மாட்டும்போது இன்னொரு கூத்து. வலது பெடல் சுலபமாகக் கழன்றது. இடது பெடலோ, இழுக்க இழுக்க இறுகுகிறது. ஸ்பேனர் மேல் ஏறி நின்றே பார்த்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, அத கழட்டுறியா, கொல்லுறியா?"

அப்புறம்தான் குமார் அண்ணன் சொன்னார், இடது பக்கத்துக்குத் திருகு மரை எதிர்ப்பக்கம் திரும்புமாம். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

புதுப் பெடலோடு மலைக்குப் போன அந்த ஞாயிறு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தேன். அடி கல் மாதிரி. பல் அதற்குள் இறங்கவே இல்லை. கால் நழுவ, பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே என் முன்னெலும்பைக் கடித்தது. வரிசையாகப் பல் தடம். ரத்தம்.

அன்று அம்மா மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டார். கை மெதுவாக இருந்தது, வாய் இல்லை.

"ரெண்டு வாளி பால தோள்ல கண்டாக் கம்புல மாட்டித் தூக்கிட்டு அதே வழியில நான் எறங்கியிருக்கேன். வயித்துல நீ வேற. ஒரு சொட்டு சிந்துனதில்ல. ஒனக்கு சைக்கிள்ல நின்னுக்கிட்டு வர்றதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்!"

"அப்ப நீங்களே எறங்குங்க."

அம்மா மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு காலை வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து இருந்தது. கறுப்பு ரப்பர். மரம் சீவப் போகும்போது அம்மா போட்டது. கழுவிக் காயவைத்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த குமிழெல்லாம் தேய்ந்து சப்பையாகிவிட்டது. நகத்தால் அழுத்தினேன். மெத்தென்று அமுங்கியது.

நான் பாட்டுக்குப் பெடலில் ரப்பர் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். ரப்பர் இருக்க வேண்டிய இடம் காலில். பல் இருக்க வேண்டிய இடம் பெடலில்.

லாரியில் ஏறப் போனால், முன் சீட்டில் அம்மா.

"எங்க வாரீங்க?"

"மரத்த பாக்க."

மரத்தைப் பார்க்க வந்தவர் பால் கொட்டகை இருந்த இடத்தில் இறங்கி, மலையைப் பார்த்து நின்றுகொண்டார். நான் சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போனேன்.

இறங்கினேன். குதிகாலைக் கீழே அழுத்தி, முட்டியை மடக்கி. முதல் படி. பல் ரப்பரைக் கவ்வியது. இரண்டாவது. சைக்கிள் குதித்தது, கால் அசையவில்லை. மூன்றாவது படி... கால் அங்கேயே இருக்கிறது! நழுவவே இல்லை!

அந்த இடத்தில் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்றுவிட்டேன்.

பெடல் என்னை விடவில்லை. நான்தான் விட்டேன். அவன் தாண்டாத இடத்தை நான் தாண்டிப் போவதா... அந்த நினைப்பு வந்ததும் கண் மறைத்துவிட்டது. அவ்வளவுதான், போயிற்று. ஊன்றினால் ஊன்றியதுதான். இரும்புக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகட்டும்.

கீழேயிருந்து அம்மா குரல் வந்தது.

"என்னாடி நின்னுட்ட? பால் சிந்திருச்சா?"

"கால ஊணிட்டேம்மா!"

அம்மா மறுபடி குரல் கொடுத்தார்: "நான் மரத்த பாத்துக்கிட்டு இருந்தேன். நீ எறங்குனத யாரு பாத்தா? மேல போய் மறுபடி வா!"

"அம்மா, நான் பாத்தேன்லா..." என்று குமார் அண்ணன் ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவரும் மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேலே தள்ளினேன். மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. உச்சியில் சைக்கிளைத் திருப்பினேன், ஏறினேன், இறங்கினேன். மூன்றாவது படி வந்தது. "வாடா" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அது எனக்குப் பின்னால் போய்விட்டது. நான்காவது, ஐந்தாவது... அப்புறம் எண்ணவில்லை. கொட்டகையின் உடைந்த சிமெண்டுத் தரையில் போய்த்தான் நின்றேன்.

அம்மா கிட்டே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சப்பாத்தைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார். ஹேண்டிலில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவன் போன பிறகு அம்மா அந்தச் சைக்கிளைத் தொட்டது அன்றுதான்.

"சிந்துச்சா?"

"இல்லம்மா."

இரும்புக்காரர் இந்த வாரம் வந்தார். அம்மா உள்ளே போய், கழற்றிப் போட்ட பழைய பெடல் ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சைக்கிள்னு சொன்னீங்க? இதுல இரும்பே இல்லயே அக்கா, எல்லாம் ரப்பரு!"

"சைக்கிள் ஓடுதுலா. ஓடுறத எப்படி குடுக்குறது?"